கமலவேணி வைத்த ஐஸ்

என்ன ஆனாலும் அதை வீட்டைவிட்டு அனுப்புவதில்லை என்று 2006 பொங்கலன்று முடிவெடுத்தேன்.

அது என்றால் மினி கம்ப்யூட்டர். பெயர்தான் மினி. எங்கள் பீரோவைவிட ஒரு சாண் உயரம். நான் வேலை பார்த்த மில்லை மூடியபோது பழைய இரும்போடு ஏலத்துக்கு வந்ததை எடுத்து, மூலக்குளம் வீட்டுக் கூடத்தில் நிறுத்தியிருந்தேன். என் மனைவி கமலவேணி அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகவேண்டும்.

ஒருநாள் நிதானமாகச் சொன்னாள்: "உங்க மெஷின் ஓடிச்சின்னா காயலான் கடைக்குப் போவாது. ஓடலன்னா வர்ற ஞாயித்துக்கிழமை போயிடும்."

ஒப்புக்கொண்டேன். கோளாறு மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் போர்டில். எந்த புரோகிராம் எந்த இடத்தில் உட்காரவேண்டும் என்று சொல்லும் லாட்ஜ் மேனேஜர் அது. பத்து நிமிஷம் ஒழுங்காகச் சாவி கொடுக்கும். அப்புறம் ஒருத்தர் அறைக்கு இன்னொருத்தரை அனுப்பிவிடும். போர்டில் நூறு சிப்புக்கு மேல். கெட்டது எது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். போட்டவுடனே கோளாறா, சூடான பிறகா என்று கமலவேணி கேட்டாள். சூடான பிறகு என்றேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து, சொட்டாமல் பிளாஸ்டிக் பையில் முடிந்துகொண்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் டிவி கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தவள். அங்கே என்ன செய்தாய் என்று இருபது வருஷமாக நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு சிப்புக்கும் வரிசையாக ஐஸ் வைத்தாள். எனக்கு ஒரு தடவைகூட வைத்ததில்லை. நாற்பத்தோராவது சிப் குளிர்ந்ததும், திரையில் 'தப்பு, தப்பு' என்று ஓடிக்கொண்டிருந்த வரி நின்றது.

"இதாங்க. மாத்துங்க."

ஏலத்தில் மெஷினோடு வந்த உபரி போர்டிலிருந்து அதே மாதிரி சிப்பைக் கழற்றி மாற்றினேன். சாயங்காலம்வரை பிசகாமல் ஓடியது. என் மெஷினைத் தன் கையாலேயே காப்பாற்றிக் கொடுத்தவளை நினைத்து நெஞ்சு நிறைந்தது.

ஞாயிறு காலை வாசலில் வேன். இன்ஜினீயரிங் காலேஜ் பேராசிரியர் விஜயராகவன் இறங்கினார். காட்சிக்கூடத்தில் வைக்க மெஷினை எடுத்துப்போக வந்திருக்கிறாராம். போன மாதமே கமலவேணி பேசியிருக்கிறாள். ஓடினால்தான் எடுப்போம் என்றிருக்கிறார்கள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"காயலான் கடைக்குப் போவாதுன்னுதானே சொன்னேன். வீட்ல இருக்கும்னா சொன்னேன்?"

கோபம் வரவில்லை. இத்தனை சுத்தமாக என்னை யாரும் கழற்றி மாட்டியதில்லை.

காலரைச் சரிசெய்துகொண்டு பேராசிரியரை நெருங்கினேன். இதைப் பராமரிக்க அனுபவசாலி ஒருவர் தேவைப்படுமே என்றேன்.

"மேடம் செவ்வாய்க்கிழமைலேர்ந்து வர்றாங்க சார்," என்றார். "நீங்களும் கூட வாங்க. மூடியத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."