நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த சித்திரக்கதை

எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. நான் சுறுசுறுப்பு என்று நினைத்ததற்கு மற்றவர்கள் வேறு பெயர் வைத்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, மன்னார்குடி வீட்டில் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். (ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணி, தம்பி பக்கத்து வீட்டுக்கு அறிவிப்பான்.) அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூருக்கு ஒரு கண்காட்சி வந்தது. செய்தித்தாளில் தினமும் வந்த சித்திரக்கதைகளின் அசல் ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். எனக்குப் பத்து நாள் உதவியாளர் வேலை கிடைத்தது. பொறுப்பாளர் நிர்மலா மேடம் முதல் நாளே ஆசை காட்டிவிட்டார்.

"இந்தப் பத்து நாள் நல்லா பண்ணீங்கன்னா எங்களோடயே வந்துடுங்க மலர். அடுத்து மதுரை, கொச்சி, பெங்களூர், கொல்கத்தா."

தஞ்சாவூரைத் தாண்டினாலே வெளிநாடு என்று நினைக்கும் குடும்பம் எங்களுடையது. நான் அந்த நிமிஷமே மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

அந்த ஓவியங்கள் பேப்பரில் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தன. மைக்கோட்டுக்கு அடியில் நீலப் பென்சில் தடங்கள், தப்பான மூக்கின் மேல் பூசிய வெள்ளைச் சாயம், வசனத்தை மாற்றி ஒட்டிய துண்டுக் காகிதம் எல்லாம் அப்படியே தெரியும். நாளைக் காலைப் பேப்பருக்குக் கொடுத்தாக வேண்டுமே என்று ஒரு மனிதர் அல்லாடி அல்லாடி வரைந்திருக்கிறார். நம்ம ஆள் என்று எனக்குத் தோன்றியது.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. பன்னிரண்டாகியும் சிறப்பு விருந்தினர் வரவில்லை. நாற்காலிகளை நான்கு தடவை வரிசை மாற்றிவிட்டேன். வாசலுக்கும் உள்ளுக்கும் நான் நடந்ததில் காவலாளிக்கே தலை சுற்றியது. அதற்கு மேல் இன்னொரு கவலை வேறு. குத்துவிளக்கு கிடையாது (காகிதம் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாதாம்). சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. எங்கள் பக்கம் அறுவடை மெஷின்கூடப் பொட்டு வைக்காமல் வயலில் இறங்காது. இப்படி மொட்டையாக ஆரம்பித்தால் விருந்தினர் எப்படி வருவார், கண்காட்சி எப்படி நடக்கும், நான் எப்படிக் கொச்சி போவேன்?

என் கைப்பையில் அம்மா மடித்துக் கொடுத்த மஞ்சள் பொட்டலம் இருந்தது. அம்மாவின் சட்டப்படி கல்யாணப் பத்திரிகை, வேலை விண்ணப்பம், பட்டா நகல் என்று எந்தக் காகிதமும் நாலு மூலையில் மஞ்சள் படாமல் வாசல் தாண்டக் கூடாது.

ஓவியங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தன, ஒன்றைத் தவிர. லாரி குலுங்கியதில் அதன் கண்ணாடி விரிசல் விட்டதால், பின்னறை மேஜையில் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். நாலே கட்டம். தபால்காரரை நாய் துரத்துகிறது, கடைசிக் கட்டத்தில் இருவரும் ஒரே மரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக் கட்டில் மேலே இருக்கும் ஒன்றுக்கு மஞ்சள் வைத்தால் எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரிதானே! இரண்டு சொட்டுத் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்தேன். ஓவியத்தைத் தொடும்போது போடச் சொன்ன வெள்ளைக் கையுறையைக் கழற்றாமல்தான் வைத்தேன். விதிமுறை விதிமுறைதான்.

புதுக் கண்ணாடி மாட்ட வந்த ஆசாரியோடு நிர்மலா மேடம் உள்ளே நுழைந்தார்.

"மலர், இது என்ன?"

"மஞ்சள், மேடம்."

"அது தெரியுது. யாரு வச்சது?"

"நான்தான் மேடம். எல்லாம் நல்லபடியா நடக்கணும்னு..."

மேடம் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, ஓவியத்தின் சொந்தக்காரருக்குப் போன் செய்ய வெளியே போனார். "எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான்தான் சும்மா இருக்க மாட்டேனே. கைகழுவும் இடத்திலிருந்து சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வந்து, ஒரு மூலையைத் துடைத்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. (எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த கை! சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் மஞ்சள், சோப்பு பட்டாலும் சிவக்கும் என்பது அன்றைக்கென்று மறந்துவிட்டது.)

ஆசாரி என் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார்.

"போதும்மா, விட்டுடுங்க. இன்னும் மூணு மூலையும் தொட்டீங்கன்னா ஆரத்தியே எடுத்துடலாம்."

திரும்பி வந்த மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. சின்னக் கீறல்கூட எங்கே, எப்படி ஏற்பட்டது என்று எழுதி, அது ஓவியத்தோடு ஊர் ஊராகப் போகும்.

"நீங்களே எழுதுங்க."

எழுதினேன். நான்கு மூலைகளிலும் மஞ்சள் கறை. அதில் ஒன்று சிவப்பு. இடம், தஞ்சாவூர். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"இதுல என்ன மேடம் போடுறது?"

"நடந்ததைப் போடுங்க."

'மங்களம் கருதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்தபோது மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரித்துவிடுவார், பிழைத்துக்கொள்வோம் என்று நம்பினேன்.

"நாளையிலேருந்து வர வேண்டாம் மலர்" என்றார்.

மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொச்சி போச்சே என்றுதான் அதிகம் அழுதேன்.

இப்போது நான் உள்ளூர்ப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. தம்பி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அதே கண்காட்சி அங்கே வந்ததாம். படத்துக்கு முன்னால் நின்று வீடியோ காலில் கூப்பிட்டான். தபால்காரர், நாய், மரம். நாலு மூலையிலும் என் கைவண்ணம். அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மேல் மூலையில கொஞ்சம் கம்மியா வச்சிருக்கேடி" என்றார்.

இன்றைக்கும் தம்பி விடுமுறையில் வந்திருக்கும்போது வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, "மலர் வெளியூரெல்லாம் பாத்திருக்காளா?" என்று கேட்டுவிட்டால் போதும், அவன் என்னை வாய் திறக்க விடமாட்டான்.

"அக்கா தஞ்சாவூர் வரைக்கும்தாங்க. அவ வச்ச மஞ்சள் கொல்கத்தா வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு."