பிழையான இடத்தில் நிற்க வேண்டிய செட்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

என் தங்கை பெற்ற மகன் கோகுலனுக்கு, உன் பெரியம்மா இரத்தினேஸ்வரி எழுதிக்கொள்வது.

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பிறர் வீட்டுப் பொருளைக் கெடுத்துவிட்டுப் போகிறவர்கள் பொதுவாகச் சுகமாகவே இருக்கிறார்கள். உன் மனைவி தனுஷிகாவுக்கு என் அன்பைச் சொல்லு. அந்தப் பிள்ளை என் வீட்டில் தங்கியிருந்த நாளெல்லாம் ஒரு பொருளையும் கழற்றிப் பார்க்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த நீ, நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், ஹோலில் இருந்த சீபி செட்டை, நான் படகோடு கதைக்கிற ரேடியோவை, தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூடியைக் கழற்றி, குடல் தெரிய விரித்து வைத்திருந்தாய். பக்கத்தில் கொழும்பிலிருந்து கொண்டுவந்த உன் மீட்டர். உன் முகத்தில், சாகக் கிடந்தவனைப் பிழைக்க வைத்த டொக்டரின் சிரிப்பு. “பெரியம்மா, நீங்கள் இவ்வளவு காலமும் பிழையான இடத்தில நிண்டெல்லோ கதைச்சிருக்கிறீங்கள்! அஞ்சு கிலோஹேட்ஸ் தள்ளி நிண்டது. இப்ப சரிக்குச் சரி” என்றாய். அது ஏன் தள்ளி நின்றது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது தானாகத் தள்ளி நிற்கவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் உன் பெரியப்பாதான் வீட்டுச் செட்டையும் படகுச் செட்டையும் ஒரே அளவாகத் தள்ளி வைத்தவர். துறைமுகத்துப் படகுகளெல்லாம் ஒரே அலைவரிசையில்தான் கதைக்கும். ஒருவன் மீன் கண்ட இடத்தைச் சொன்னால் ஊரே காது கொடுக்கும். நாங்கள் மட்டும் அந்த அலைவரிசைக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒதுங்கி நின்று கதைத்தோம். மற்றவர்களுக்குக் கரகரப்பு, எங்களுக்குத் தெளிவு. இதைப் பிழை என்று கண்டுபிடிக்கத்தான் உனக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். வருடப்பிறப்பன்று வீட்டுக்கு வந்த பிள்ளையைத் திட்டக்கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். நீ வாகனம் ஏறியதும் பழையபடி திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். அலைவரிசையை நகர்த்துகிற அந்தத் திருகாணி இனி அசையக்கூடாதென்று அதன் தலையில் நீ பசை விட்டிருந்ததை, நீ ஹபரணை தாண்டிய பிறகுதான் கண்டேன்.

அடுத்த நாள் காலை வழக்கம்போலப் படகைக் கூப்பிட்டேன். பதில் சொன்னது எங்கள் படகை ஓட்டுகிற அப்ராஸ் அல்ல, ஏதோ தாரா வாத்து. குவாக் குவாக் என்று ஏதோ முறையிட்டது. இரண்டு செட்டும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் மனிதக் குரல் இப்படித்தான் வரும். தாராவுக்கு மேலே இரண்டு ஆண்கள் ஐஸ் கட்டிக்காக ஒருவரையொருவர் தாயோடும் தங்கையோடும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கொன்வென்டில் படித்த எவளும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். மைக்கை எடுத்து, “இது குடும்பப் பெண்கள் கேட்கும் இடம், வாயைக் கழுவிக்கொண்டு வாருங்கள்” என்றேன். பிறகு ஒரு குரல் மெதுவாக, “ஆருடா அது, கடலுக்குள்ள பிரின்சிபல்?” என்றது. அன்றோடு துறைமுகம் முழுக்க நான் பிரின்சிபல்.

உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? “படகுச் செட்டையும் சரியான இடத்துக்குக் கொண்டுவாங்கோ, எல்லாரும் நிக்கிற இடத்தில நில்லுங்கோ.” கடலில் நிற்கிறவனோடு கதைக்க முடியாமல் இருந்த அந்தரத்தில் நானும் சம்மதித்தேன். அப்ராஸ் கரைக்கு வந்ததும், பட்டணத்தில் ரேடியோ முதல் ரைஸ் குக்கர் வரை திருத்துகிற ஒருவரைப் பிடித்துப் படகுச் செட்டையும் உன் சொற்படி நேராக்கினோம். குரல் கண்ணாடி மாதிரி வந்தது, மறுக்கவில்லை. அந்தக் கண்ணாடி வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இலங்கைத்துறைக்கு நேரே வெளியே பாரை மீன் கிடக்கிறது என்று அப்ராஸ் சந்தோஷமாகச் சொல்லி, வலையை இறக்க நிமிர்ந்து பார்த்தால், சுற்றிவரப் படகுகள், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நிற்கிற சொந்தக்காரர் மாதிரி. முன்னுக்கு நின்றது பஸ்லானின் படகு. அந்த மனிதர் தானாக ஒரு மீனைத் தேடிப் போனதை இந்தத் துறைமுகத்தில் கண்டவர் இல்லை.

மற்றப் படகுக்காரருக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் பொதுவில் கதைத்தே பழகியவர்கள், பொய்யும் மறைபேச்சும் அவர்களுக்கு ஊறிப்போனது. நாங்கள் ஒதுக்குப்புறத்தில் நின்று உண்மை பேசிப் பழகிய அப்பாவிகள். ஆகவே நானும் ஒரு மறைபேச்சு உண்டாக்கினேன். ஒழுங்கான மறைபேச்சு, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பள்ளிப் பாடம். பாரைக்குக் கணக்கு, சூரைக்குச் சரித்திரம், அறக்குளாவுக்குத் தையல். அப்ராஸை இருத்தி வைத்துப் படிப்பித்தேன். அடுத்த நாள் அவன் நடுக்கடலில் நின்று தொண்டை கிழியக் கத்தினான்:

“அம்மா, சரித்திரம் மிச்சம் இரிக்கி! கணக்கு ஒண்டும் இல்ல! தையலுக்குப் போகவா, கணக்குக்கு நிக்கவா?”

“சரித்திரத்தையே எடு” என்றேன்.

“பெரிய சரித்திரமா, சின்னச் சரித்திரமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்லானின் குரல் குறுக்கே வந்தது. “பிரின்சிபல் அம்மா, நம்மளுக்கும் கொஞ்சம் சரித்திரம் படிப்பிச்சித் தாங்களன். சின்ன வயசுல படிக்கக் கிடைக்கல்ல.” அதைத் தொடர்ந்து துறைமுகம் முழுக்கச் சிரிப்பு. சந்தைக்கு வந்த மீனையும் என் பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு நாளில் அவர்கள் பாடத்திட்டம் முழுவதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்ராஸ் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு, “அம்மா, ஒங்கட சோத்தத் திண்டவன் நான். ஆனா நான் தேடுற மீனெல்லாம் ஊரு புடிக்கிது. இந்தச் செட்டப் பழையபடி ஆக்கித் தந்தா நிக்கன். இல்லாட்டி அடுத்த மாசம் நான் கிண்ணியாவில ஒரு போட்டுக்குப் போறன், கோவிக்காதீங்க” என்றான். அவன் போனால் படகை ஓட்ட ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் விற்க வேண்டும். விற்றால், நீயும் உன் அம்மாவும் வருடக்கணக்காகக் கேட்கிறபடி, நான் உங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடிக்கு வந்து, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரரின் சாரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு, லிப்ட் வருமா வராதா என்று காத்துக்கொண்டு, மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். இந்த நோக்கத்தோடுதான் நீ செட்டைத் திறந்தாய் என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரம் யோசிக்கிற பிள்ளை நீ இல்லை.

பட்டணத்து மனிதரைத் திரும்பக் கூப்பிட்டேன். “இதைப் பிழையாக்கித் தர வேண்டும்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். “அம்மா, நான் திருத்துறவன். பழுதாக்கிறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்” என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஒருவழியாகச் சம்மதித்து, முழுக்க இரும்பாலான ஒரு திருப்புளியை உள்ளே விட்டார். திருப்புளி உள்ளே இருக்கும்போது செட் ஒரு இடம் காட்டும், வெளியே எடுத்தால் வேறு இடம் காட்டும். இரும்பு பக்கத்தில் வந்தாலே அந்தத் திருகாணி குழம்பிவிடும் என்று உன் பெரியப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், அவர் அதை எலும்புக் குச்சியால்தான் தொடுவார். நான் அதைச் சொன்னேன். “உங்கட ஐயா சும்மா பயப்படுத்தியிருப்பார்” என்று சிரித்துக்கொண்டு, உன் பசையில் அது அசையாமல் நிற்க, இன்னொரு திருகாணியைத் திருப்பினார். அதோடு செட்டில் அப்ராஸும் இல்லை, ஐஸ் சண்டையும் இல்லை, வடக்கே எங்கேயோ ஒரு அறிவிப்பாளர் தென்னைக்கு உரம் போடுகிற முறையை விளக்கிக்கொண்டிருந்தார். வாசலைக் காட்டினேன். போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

பிறகு நானே உட்கார்ந்தேன். கொன்வென்டில் லேஸ் பின்னுவதற்குப் பழகிய கையில் இன்னும் நடுக்கம் இல்லை. பிளாஸ்டிக் குரோசே ஊசி ஒன்றின் நுனியைக் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கினேன். பக்கத்து வீட்டு ஜெஸ்மினிடம் நகப்பூச்சு அழிக்கிற திரவம் வாங்கி, பஞ்சில் தொட்டு, உன் பசையைக் கரைத்தேன். அந்த மனிதர் திருப்பிய மற்றத் திருகாணியை, தென்னை உரம் போய் ஐஸ் சண்டை வரும் வரைக்கும் திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். உன் பெரியப்பா வைத்திருந்த அதே இடத்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கே நிற்கிறோம் என்பது முக்கியமில்லை, இரண்டு செட்டும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்றால் போதும். இதை உன் மீட்டர் உனக்குச் சொல்லவில்லை. ஆகவே கொட்பே துறையில் கட்டியிருந்த படகில் இருந்த செட்டை, இன்னொரு குரோசே ஊசியால் அப்ராஸைக் கொண்டே சும்மா ஒரு பக்கம் தள்ளச் செய்தேன். பிறகு அவனை மைக்கில் “ஆ” என்று நீட்டிப் பாடச் சொல்லிவிட்டு, இங்கே என் திருகாணியை அரைக்கால் நெல்லளவு, அரைக்கால் நெல்லளவாக நகர்த்தினேன். முதலில் தாரா. பிறகு தண்ணீருக்குள் நிற்கிற எருமை. பிறகு சளி பிடித்த அப்ராஸ். மனிதக் குரல் தன் சொந்தச் சுருதிக்கு வருகிற இடத்தை என் காது தவறவிடாது. பாட்டு வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் அதற்காக எங்கள் விரல் மொழியில் போட்ட அடி வீண்போகவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க அவன் பாடினான். கடைசியில், “அம்மா, தொண்ட போகிது, இனி ஏலா” என்று அவன் சொன்னது அச்சாக அவன் குரலில் வந்தது. மெழுகை உருக்கித் திருகாணியின் தலையில் விட்டேன்.

அடுத்தது சோதனை. இந்த இடம் உண்மையிலேயே எங்களுக்கு மட்டுமா என்று எப்படி அறிவது? பஸ்லானின் படகு எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறது, ஆளும் உள்ளேதான் இருக்கிறார் என்று அப்ராஸ் சொன்னான். நான் மைக்கை எடுத்து, அவரைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தை ஆற அமரச் சொன்னேன். மீனுக்குப் பின்னால் போகாமல் மீன்காரனுக்குப் பின்னால் போகிறவர் என்று தொடங்கி, அவர் படகுக்கு அடித்திருக்கிற நிறம், கட்டுகிற முடிச்சு, சந்தையில் எப்போதும் மற்றவனைவிட ஒரு தரம் அதிகமாகச் சிரிக்கிற சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. காது உள்ள எந்த மனிதனும் கோபப்பட்டே ஆக வேண்டும். அடுத்த நாள் காலை சந்தையில் என்னைக் கண்டதும் தொப்பியைத் தூக்கி, “அம்மா, சுகமா இரிக்கிறீங்களா?” என்று கேட்டார். அவ்வளவு மரியாதை. ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்ராஸ் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான். நேற்று இறக்கக்கண்டிக்கு வெளியே தன்னந்தனியாக நின்று அறக்குளா எடுத்தான். ஆகவே படகு விற்பனைக்கில்லை, நான் வெள்ளவத்தைக்கு வரப்போவதுமில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. நீ இனி வரும்போது மீட்டரைக் கொண்டு வராதே. வந்தாலும் அது வாகனத்திலேயே இருக்கட்டும். இந்த வீட்டில் பிழையாக இருப்பதெல்லாம் யோசித்துப் பிழையாக வைக்கப்பட்டவை.

உன் உத்தியோகம் உயரட்டும், உன் வீடு நிறையட்டும், கோணேசர் உனக்குக் கேட்டுவிட்டுத் தொடுகிற புத்தியைத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா,
இரத்தினேஸ்வரி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பஸ்லானின் மனைவி நப்லா ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்தாள். அப்ராஸ் அன்று “ஆ” என்று பாடியபோது, பக்கத்துப் படகில் இருந்த பஸ்லானும் தன் செட்டைத் திறந்து, அப்ராஸின் குரல் சரியாக வரும் வரைக்கும் திருப்பினாராம். ஒரு பல்குத்தும் குச்சியால். “அவரு எல்லாம் கேட்டாரு அம்மா. கோவம் இல்ல. ஒங்கட தமிழ் நல்லா இரிக்கிண்டு செல்லுறாரு. சோறு கொண்டு போன நானும் பக்கத்தில இருந்து கேட்டன், அவரப் பத்தி நீங்க செல்லின ஒவ்வொண்டும் சரி. அந்த முடிச்சிட கதைய மட்டும் திரும்பச் செல்லுவீங்களாண்டு கேக்கச் சென்னாரு, நடுவில கரகரத்துப் போச்சாம்” என்றாள். அப்ராஸுக்கு இது இன்னும் தெரியாது. மாதம் முடிவதற்குள் வா. மீட்டரைக் கொண்டு வா. பசையும் கொண்டு வா.