வீடு வரையும் சத்தம்

மனைவியிடம் பொய் சொல்வதை வரைபடக்காரர் விட்டு வெகு காலமாகிறது. ஒழுக்கம் காரணமில்லை. சொன்ன பொய் எதுவும் அந்த வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடு வரை தாங்கியதில்லை. ஆகவே இந்த முறை பாதி உண்மை சொல்வதென்று தீர்மானித்தார். பொய்க்குக் கால் கிடையாது. பாதி உண்மைக்கு ஒரு காலாவது இருக்கும், நொண்டிக்கொண்டாவது போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

உண்மையின் முதல் பாதி இது. கட்டட நிறுவனம் ஒன்றில் அவர் வீடுகள் வரைகிறார். பாதி நாள் வீட்டிலிருந்தே வரையலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரோ கிழடு தட்டிப் போனது.

சொல்லக் கூடாத பாதி, சனிக்கிழமை கார் பந்தயம். ஆபீஸ்காரர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, இணையத்தில் ஒன்றாகக் கார் ஓட்டுவார்கள். இவருடைய பெட்டியில் முதலில் கார் வரும். சாலை, பின்னால் சாவகாசமாக வரும். மற்றவர்கள் ஓட்டி முடித்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது, இவர் முதல் வளைவிலேயே ஒரு மரத்தில் முட்டியபடி நிற்பார். ஆபீஸில் அவருக்கு ‘மரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கணக்குப் பிரிவுப் பெண் சம்பளச் சீட்டை நீட்டும்போதுகூட, “இந்தாங்க மரம் சார்” என்றாள். மரியாதை குறையவில்லை, மரம்தான் கூடிவிட்டது.

அந்தப் பெயரைத் துடைக்கத்தான் ஒரு கேமிங் லேப்டாப்பைப் பார்த்து வைத்திருந்தார். அகலமான திரை. மேஜையிலிருக்கும் பெரிய பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். அந்த ஜாதி லேப்டாப்புகளில் விலை குறைந்தது. அதன் நல்ல குணங்களை ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார்.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி. பஞ்சிலிருந்து கட்டில் வரை அவர் தலையசைத்தால்தான் உள்ளே வரும். விற்க வருகிறவர்கள் அவர் அறை வாசலில் தண்ணீர் குடித்துவிட்டு நுழைவார்கள்.

“ஆபீஸ் வேலைக்கு ஒரு லேப்டாப் வாங்கலாம்னு இருக்கேன். அதுல என்ன நல்லதுன்னா…”

“நல்லத கடைக்காரன் சொல்லுவான். அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். நீங்க குறையச் சொல்லுங்க.”

“குறையா?”

“குறை இல்லாத பொருள நான் வாங்கறதில்ல. எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான்னு அர்த்தம்.”

மனப்பாடம் செய்த அத்தனையும் தொண்டையில் வரிசையாக நின்றது. இருப்பதில் சின்னக் குறையாக ஒன்றைத் தேடி எடுத்தார்.

“கொஞ்சம் கனம்.”

“எவ்ளோ?”

“தூக்கலாம். தூக்கினதும் கீழ வெச்சிடணும்னு தோணும்.”

“மடியில வெச்சுக்க முடியுமா?”

“வெச்சுக்கலாம். எழுந்திரிக்கும்போது கால் இருக்கான்னு தடவிப் பாத்துக்கணும்.”

“நல்லது. படுக்கைக்குத் தூக்கிட்டு வர மாட்டீங்க. அடுத்து?”

“பேட்டரி அவ்வளவா நிக்காது. ஒயரப் பிடுங்கினா கொஞ்ச நேரத்துல மயங்கிடும்.”

“அதுவும் நல்லதுதான். பால்கனிக்குப் போய்க் கதவச் சாத்திக்க முடியாது. சார்ஜர் எப்படி?”

“செங்கல் மாதிரி இருக்கும்.”

“வீடு வரையறவருக்குச் செங்கல் பொருத்தம்தான். அப்புறம்?”

“விலை கம்மி இல்லையா, கேமரா சுமார்தான். மீட்டிங்ல முகம் கலங்கலாத் தெரியும்.”

“உங்க முதலாளி பாவம், அவருக்கும் ஒரு நிம்மதி வேணும். அப்புறம்?”

“சூடாகும். பின்பக்கமா அனல் வரும்.”

“துணி காயுமா?”

யோசித்தார். “சாக்ஸ் காயும்.”

“மழைக்காலம் வருது,” என்று மனைவி தனக்குள் சொல்லிக்கொண்டார். “வேற?”

“சத்தம் போடும். உள்ள ஃபேன் இருக்கு. வேலை கஷ்டமானா வேகமாச் சுத்தும்.”

மனைவியின் கை தட்டிலேயே நின்றது. “லேசான வேலையா இருந்தா?”

“மூச்சே விடாது.”

“அப்ப நீங்க என்ன செய்யறீங்கன்னு சமையல்கட்டுல இருந்தே தெரிஞ்சுக்கலாம்.”

“தெரிஞ்சுக்கலாம்.”

“வாங்கிடுங்க.”

வென்ற மயக்கத்தில், எதை வைத்து வென்றோம் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 

லேப்டாப் வந்தது. மூடியைத் திறந்ததும் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

“ஆபீஸ் வேலைக்கு இவ்ளோ செவப்பா?” என்றார் மனைவி.

“இருட்டுல எழுத்து தெரியறதுக்கு.”

“லைட் போட்டுக்கலாமே.”

போட்டுக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை. பந்தயம் தொடங்கியதும் ஃபேன் முதலில் பெருமூச்சு விட்டது. இரண்டாவது வளைவில் மாவு மில் ஆயிற்று. மூன்றாவதில், கூடத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பப் போவதுபோல மேஜை நடுங்கியது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னங்க அது?”

இந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார். “ரெண்டரிங்,” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நான் வெறும் கோடுதான் போடுவேன். அத வீடாக்கி, சுவருக்குப் பெயின்ட் அடிச்சு, ஜன்னல்ல வெயில் விழ வெக்கறது இந்த மிஷின் வேலை. ரொம்பக் கஷ்டமான வேலை.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வீடு வரைந்தாலும் அந்த ஃபேன் அப்படித்தான் அலறும்.

“பாவம்,” என்றார் மனைவி. மிஷினைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதன் பிறகு அவருக்கு ஏறுமுகம். சாலை காருக்கு முன்பே வந்து காத்திருந்தது. மரங்களில் இலைகூடத் தெரிந்தது. சனிக்கிழமைக்குப் பயிற்சி வேண்டுமே என்று தினமும் சாயங்காலம் ரெண்டரிங் நடந்தது. சத்தம் தாங்காமல் கீழ்வீட்டு பஸ் டிரைவர் ஒருநாள் மாடியேறி வந்தார். மனைவி கடைக்குப் போயிருந்த நேரம்.

“மேல ஏதாவது மில்லு வெச்சிருக்கீங்களா சார்?”

“இல்லண்ணே, கார். பாருங்க.”

டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “யாரு ஓட்டறது?”

“நான்தான்.”

“லைசன்ஸ்?”

“ஸ்கூட்டருக்கு இருக்கு.”

“இந்த வளைவுல இப்படி ஒடிச்சா, பின்சீட்டுல இருக்கறவன் என் மடிக்கு வந்துடுவான் சார்.” இன்னும் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். “சரி, நான் இங்கயே இறங்கிக்கறேன்,” என்று படியிறங்கிப் போனார்.

அந்த வாரம் வரைபடக்காரர் கடைசிக்கு முந்தின இடம் பிடித்தார். கணக்குப் பிரிவுப் பெண் வெறும் “சார்” என்றாள். காதில் தேன் பாய்ந்தது. மாதக் கடைசியில் பெரிய பந்தயம் என்று அறிவிப்பும் வந்தது. அதில் முதல் மூன்றுக்குள் வந்துவிட்டால் ‘மரம்’ வேரோடு போய்விடும்.

மறுநாள் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தார். “தினமும் சாயந்தரம் வீடு வரையறதுதான் அண்ணா. கூடமே அதிருது. அவ்ளோ உழைக்கறார்.” போனை வைத்துவிட்டுக் கணவரிடம் வந்தார். “அண்ணன் வீடு கட்டறான் இல்ல? நடுவுல அவனுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுத்திடுங்க.”

“ஆபீஸ் வேலையே தலைக்கு மேல…”

“எப்படியும் மிஷின் ஓடிட்டுத்தானே இருக்கு. போற வண்டியில அவனையும் ஏத்திக்கங்க.”

மறுக்க வழியில்லை. இத்தனை நாள் சாயங்காலம் அலறியது எந்த வீடு என்று கேட்டால் காட்ட ஒரு குடிசைகூட அவரிடம் இல்லை.

மச்சான் நல்ல மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்கு எதிர்ப்பக்கம் நன்றாயிருக்கும் என்று தோன்றும் மனிதர்.

“மாப்பிள்ளை, படி வலது பக்கம் வந்தா எப்படி இருக்கும்?”

படி வலது பக்கம் போயிற்று.

“பழையபடியே நல்லாருந்துது மாப்பிள்ளை. ஆனா படிக்குப் பதிலா சமையலறைய அங்க கொண்டு போனா?”

சமையலறை வீட்டைச் சுற்றி வந்தது. குளியலறை ஒரு தடவை வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மிஷின் புதிதாகப் பெயின்ட் அடித்து, புதிதாக வெயில் விழ வைத்தது. ஃபேன் இப்போது சத்தியமாகவே ரெண்டரிங்குக்காக அலறியது. அது அலறும் நேரத்தில் கார் ஓட்ட முடியாது. பயிற்சி போயிற்று. ஒரு சனிக்கிழமையும் போயிற்று. திங்கட்கிழமை கணக்குப் பிரிவுப் பெண், “எங்க மரம் சார், ஆளையே காணோம்?” என்றாள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பெரிய பந்தயம் அன்றைக்குச் சாயங்காலம். மச்சான் காலையில்தான் மாடியை இறக்கச் சொல்லிவிட்டு, மத்தியானம் ஏற்றச் சொல்லியிருந்தார். வரைபடக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். முழு உண்மை. ஒத்துக்கொண்டால் நாலு திட்டு விழும், லேப்டாப்புக்குத் தடைகூட வரலாம், ஆனால் மனைவி திட்டி முடித்துத் தடை போடுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் மச்சான் வீட்டையும் மறுத்துவிடலாம், விடுதலையாவது கிடைக்கும்.

மனைவி லேப்டாப்பின் பின்னால் ஈர சாக்ஸ்களை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அந்தச் சத்தமெல்லாம் ரெண்டரிங் இல்ல. உங்க அண்ணன் வீட்ட எடுக்கறதுக்கு முன்னாடி சாயந்தரத்துல நான் ஒரு வீடும் வரையல. கார் ஓட்டினேன்.”

மனைவி ஒரு சாக்ஸைத் திருப்பிப் போட்டார். “தெரியும்.”

“எப்பலேருந்து?”

“முதல் நாள்லேருந்து. இத்தனை வருஷமா நீங்க வீடு வரையறதப் பாக்கறேன். எந்த வீட்டுக்கும் உடம்ப இப்படி எடது பக்கமாச் சாச்சுப் பல்லக் கடிச்சதில்ல.”

வரைபடக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப ஏன் கேக்கல?”

“அண்ணனுக்கு வரைஞ்சு குடுங்கன்னு நேராக் கேட்டிருந்தா நேரமில்லன்னு சொல்லியிருப்பீங்க.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். படி, சமையலறை, மாடி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்திருந்தன. முகப்பில் மட்டும் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. மனைவி அதைத் தொட்டுக் காட்டினார்.

“கார் நிறுத்தற போர்டிகோ ஒண்ணுதான் பாக்கி. அத முடிச்சிட்டு வந்து ஒத்துக்கங்க.”