விமானத்தில் வந்த முருங்கைக்காய்

ஒரகடம்
9.11.2014

அன்புள்ள மருமகன் சிரஞ்சீவி காசிராஜனுக்கு மாமா கொம்பையா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை கோமதியும் நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால், நலம். பெங்களூரில் குளிர் அதிகம் என்று அக்கா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் "மருமவனே" என்று ஆரம்பித்ததுமே நீ "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, ஆகையால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் மாமாவின் கேன்டீன் போகப்போகிறது. இந்த மாதக் கடைசியோடு அடுப்பை அணைத்துவிட்டு அண்டா குண்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்படி கம்பெனியில் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணமான கணக்கு உன் ஆபீசில்தான் சரிபார்க்கப்படுகிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது. உன் காதுகுத்துக்கு உன்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தவன் நான். அதை ஞாபகப்படுத்துவதற்காக எழுதவில்லை. இருந்தாலும் ஞாபகம் இருக்கட்டும்.

நம் கம்பெனியில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிறார்கள். அதை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் திடீரென்று, பட்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பட்டை பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போகிறவரை எவ்வளவு புகை விடுகிறது என்று சொல், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டான். ரப்பர் எங்கிருந்து வந்தது, கரண்ட் எவ்வளவு, லாரி எவ்வளவு தூரம் ஓடியது, எல்லாம் கணக்காம். சரி, அது அவன் பாடு, ரப்பர் பாடு. கணக்கை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது, அதற்கு ஒரு கோடு போடவேண்டும் என்றார்களாம். எங்கள் எச்.ஆர். மேனேஜர் பலராமன் சார் யோசித்துப் பார்த்துவிட்டு, "கேட்டுக்குள்ள கீறது எல்லாமே கணக்குதான்" என்று காம்பவுண்டுச் சுவரையே கோடாகப் போட்டுவிட்டார். கேன்டீன் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. அப்போதே எனக்குச் சனி பிடித்துவிட்டது, தெரியவில்லை.

இதற்கு நடுவில் சுடலைக்கண்ணு என்று ஒரு பையன். வள்ளியூர்ப் பக்கம். காண்டிராக்டில் லைன் வேலை பார்க்கிறான், நம்ம ஊர்ப் பையன் என்று நானும் கூட ஒரு அப்பளம் வைப்பேன். அவன் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, "அண்ணாச்சி, சாம்பாருக்கு அடியில தட்டு தெரியுதே" என்று நாலு பேர் முன்னால் சொன்னதோடு நில்லாமல், அதையே எழுதி புகார்ப் பெட்டியிலும் போட்டுவிட்டான். போட்ட அதே வாரம் ஷாரோன் என்று தண்டலத்துப் பெண் ஒன்று, காலேஜ் முடித்துவிட்டு இங்கே டிரெயினியாக இருக்கிறது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் வந்து, "அங்கிள், ஒரு நாளைக்கு எவ்ளோ பருப்பு போடுறீங்க?" என்றது. நீயே சொல், நான் என்ன நினைப்பேன்? வெளிநாட்டுக்காரன் புகையை எண்ணுகிறான் என்றா நினைப்பேன்? சுடலைக்கண்ணு வைத்த வெடி என்றுதானே நினைப்பேன்? "அறுபது கிலோ" என்றேன். உன் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. எண்ணெய் கேட்டது, தாராளமாகச் சொன்னேன். தேங்காய் கேட்டது, பாயசத்துக்குத் தனி, சட்னிக்குத் தனி என்று சொன்னேன். பாயசம் தீபாவளிக்குத்தான் வைக்கிறோம் என்பதை அந்தப் பெண் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது போனபிறகு உன் அத்தை, "அறுவது கிலோவா? எந்தக் கடையிலங்க வாங்குனீய?" என்றாள். பொம்பளைகளுக்குத் தொழில் பேச்சு புரியாது.

அப்புறம் அந்தப் பெண் கேட்டது, "எத்தனை பேர் சாப்பிடுறாங்க அங்கிள்?" இந்தக் கேள்வியை நம்ம பக்கத்தில் யாராவது கேட்பார்களா? சாப்பிடுகிறவனை எண்ணினால் அவன் உடம்புக்கு ஆகுமா, ஆக்கிப்போடுகிற கைக்குத்தான் ஆகுமா? உங்கள் ஆச்சி பந்தியில் யாராவது தலையை எண்ணினால் அவன் தலையிலேயே போடுவாளே. அதனால் பட்டும் படாமல், "ஏதோ ஒரு நூத்தம்பது பேர் இருக்கும்மா" என்றேன். மாசத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிய காண்டிராக்ட், டோக்கன் கீக்கன் கிடையாது, ஆகவே யாருக்கும் எண்ணிக்கை தேவைப்பட்டதும் இல்லை. அந்தப் பெண் விவரமான பெண், எச்.ஆரிலும் போய்க் கேட்டிருக்கிறது. அங்கே அவர்கள் பெர்மனென்ட் ஆட்களை மட்டும் பார்த்து, நூற்றைம்பது சரிதான் என்றுவிட்டார்கள். மூன்று ஷிப்டிலும் வந்து தட்டைக் காலிபண்ணுகிற காண்டிராக்ட் பையன்கள் அவர்கள் ரிஜிஸ்தரில் வருவதில்லையாம். வயிறு மட்டும் என்னிடம் வருகிறது. அது வேறு கதை.

இனி கணக்கு. ஷாரோன் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை உனக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் கேள். டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பண்டத்துக்கும், ஒரு கிலோ செய்தால் இவ்வளவு புகை என்று அதில் ஒரு எண் இருக்கும். நாம் போடுகிற அளவை அந்த எண்ணால் பெருக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு எதற்கடா மூன்று லட்ச ரூபாய் மென்பொருள் என்று கேட்டால், உலகத்தில் உள்ள பண்டம் என்று அவர்கள் சொல்வது அவர்கள் தின்கிற பண்டத்தைத்தான் என்பது அப்புறம்தான் தெரிகிறது. துவரம்பருப்பு அதில் இல்லை. அதற்குப் பதில் பிரான்ஸ் நாட்டுப் பட்டாணியைப் போட்டுவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் இல்லை. மலேசியாவில் காட்டை அழித்து நட்ட பனையின் எண்ணெயைப் போட்டு, அந்தக் காட்டைக் கொளுத்திய பாவத்தையும் என் தாளிப்புக் கரண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்பளம் ஹாலந்து சிப்ஸ் ஆகிவிட்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முருங்கைக்காய் என்று தேடியிருக்கிறது, இல்லை. நீளமாக, பச்சையாக, குச்சியாக இருக்கிற காய் வேறு என்ன என்று தேடியதில் என்னவோ ஒரு வெள்ளைக்காரத் தண்டு, அஸ்பாரகஸாம், பெரு நாட்டில் விளைகிறதாம், அது அகப்பட்டது. விளைகிற இடத்திலிருந்து தின்கிற இடத்துக்கு அதை விமானத்தில் கொண்டுபோகிறார்கள். ஆகவே என் முருங்கைக்காயும் விமானத்தில் வந்தது.

மருமகனே, அந்த மரம் கேன்டீனுக்குப் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. வேர் வெளியே, கிளை உள்ளே. வல்லம் வடகாலிலிருந்து வேலைக்கு வருகிற கிளியம்மாள்தான் தினமும் காய் பறிக்கிறாள். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இன்னாது, பிளேன்லயா? நான் தொரட்டிலதான பறிச்சேன்?" என்றாள். அவளுக்குத் தான் என்னவோ தப்புச் செய்துவிட்டதாகப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்கத் துரட்டியை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி நூற்றைம்பதால் வகுத்ததில், ஒரு சாப்பாட்டுக்குப் பதினோரு கிலோ கரியமில வாயு என்று வந்தது. ஒரு கார் காஞ்சிபுரம் போய்த் திரும்புகிற புகையாம். ரப்பரை உருக்குகிற பாய்லர் ஒரு பக்கம் சிவனே என்று நிற்கிறது, கம்பெனியின் புகையில் பாதி சாம்பாரிலிருந்து வருகிறது. பலராமன் சார் என்னைக் கூப்பிட்டு, "இன்னா கொம்பையா, இப்டிப் பண்ட்டியே" என்றார். நான், "சார், சோறு பொங்குனேன், வேற ஒண்ணும் பண்ணலியே" என்றேன். "மெட்ராஸ்ல ஒரு கேட்டரிங் கீது. ரொட்டி, ஜாம், வேகவச்ச முட்டை. ரொட்டிக்கு டேட்டா கீதுபா. உன் இட்லிக்கு டேட்டா இல்ல" என்றார். டேட்டா இல்லாத இட்லியைத்தான் அவர் நேற்று ஏழு தின்றார். எண்ணியது தப்புதான், கோபத்தில் எண்ணிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது காசிராஜா. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பயம்தான். தென்காசியில் கடையைக் காலி பண்ணிவிட்டு இங்கே வந்து இந்தக் கேன்டீனைப் பிடித்து நிமிர்த்துவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. இனிப் போய் எங்கே ஆரம்பிப்பேன்? என் கீழே பதினோரு பொம்பளைகள் வேலை பார்க்கிறார்கள். கடுதாசி வந்ததைச் சொன்னதும் கிளியம்மாள், "நெலத்த எட்த்துக்கினாங்க, சரின்னு அங்கயே பாத்திரம் கழுவ வந்தோம். இப்ப அதுவும் இல்லியா?" என்றாள். இந்த அடுக்களை இருக்கிற இடம் அவள் நெல் நட்ட வயல். நான் உப்புப் பார்க்கிற மாதிரி அண்டாவுக்குள் குனிந்துகொண்டேன்.

ஷாரோனும் பாவம். மறுபடி வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "அங்கிள், ஒரு ஆள் ஒரு நாளைக்கு நானூறு கிராம் பருப்பு சாப்பிடுறதா வருது, மேல கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றது. "நம்ம பையங்க நல்லாச் சாப்பிடுவாங்கம்மா" என்றேன். "நெஜமா எத்தனை பேருன்னு சொல்லுங்க அங்கிள்." வாயால் சொல்ல மனம் வரவில்லை. தட்டை எண்ணிக்கொள், ஆளை எண்ணாதே என்று கழுவுகிற இடத்தைக் காட்டிவிட்டேன். தொள்ளாயிரம் தட்டு. அந்தப் பெண் இரண்டு தரம் எண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. உடனே மாற்றிவிடலாமே என்றால் முடியாதாம், சரிபார்க்க உங்கள் ஆபீசுக்குப் போனதும் கணக்கைப் பூட்டிவிட்டார்களாம்.

ஆகவே நீ செய்யவேண்டியது: அந்தப் பூட்டைத் திற. பெருவை எடுத்துவிட்டு முருங்கையைத் தரையிறக்கு. மலேசியாவில் எரிந்த காட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எழுது. பிரான்ஸ் பட்டாணியைத் தூக்கிவிட்டு நம்ம பருப்பைப் போடு. நூற்றைம்பதைத் தொள்ளாயிரமாக்கு. ஆனால் ஒன்று, பருப்பு அறுபது கிலோ என்று இருப்பதை மட்டும் தொடாதே. அது அப்படியே இருக்கட்டும். தொழில் போனாலும் கொம்பையா பருப்புப் போடாமல் சாம்பார் வைத்தான் என்ற பேச்சு நம் குடும்பத்துக்கு வேண்டாம்.

அக்காவை மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லவும். அவள் தேய்க்கமாட்டாள், இருந்தாலும் சொல்லவும். உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைந்து, எண்ணி முடியாத பந்தி போட்டு நானே ஆக்கிப்போட வேண்டும் என்று நம் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
அ. கொம்பையா

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் இரண்டு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். அதற்குள், ஒரு ஆளுக்கு நானூறு கிராம் பருப்பா, நேரில் எடை போட்டு அனுப்பு என்று உங்கள் ஆபீசிலிருந்தே யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவிட்டான். அது யார் என்று நான் கேட்கமாட்டேன். ஷாரோன் தராசோடு வந்து அடுக்களையில் உட்கார்ந்துவிட்டது. நான் சிங்கப்பெருமாள் கோவில் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உன் அத்தையே எல்லாவற்றையும் எடுத்து எடுத்துத் தராசில் வைத்திருக்கிறாள். பருப்பு பன்னிரண்டு கிலோ. கணக்கில் முருங்கைக்குப் பதில் உள்ளூர் பீன்ஸ் போட்டாயிற்று, விமானம் இறங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு அரைக் கிலோ புகைகூட வரவில்லை. வெளிநாட்டுக்காரன் அசந்துபோய்ப் பாராட்டி எழுதியிருக்கிறான். காண்டிராக்டை மூன்று வருஷம் நீட்டிவிட்டார்கள். பலராமன் சார் எனக்கு மாலை போட்டார். கிளியம்மாள் அழுதாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தக் கணக்கைப் பெரிய போர்டாக அடித்துக் கேன்டீன் வாசலில் மாட்டிவிட்டார்கள். 'ஒரு சாப்பாட்டுக்குப் பருப்பு: 13 கிராம்.' தமிழில், ஹிந்தியில், இங்கிலீஷில். சுடலைக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்று மொத்த ஷிப்டுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். "பதிமூணு கிராம்! அண்ணாச்சி, எங்க அம்மை பூசுத திருநூறு இத விடக் கூட இருக்குமே!" அன்றிலிருந்து தொள்ளாயிரம் பேரும் முதலில் போர்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள், அதற்கு அப்புறம்தான் தட்டை எடுக்கிறார்கள். இன்று காலை உன் அத்தை என்னைக் கேட்காமலே முப்பது கிலோ பருப்பை அண்டாவில் கொட்டிவிட்டாள். போர்டைத் திருத்துவதற்காக ஷாரோன் மறுபடி தராசோடு வந்திருக்கிறது. பலராமன் சார் அதன் பின்னால் நின்று, "இன்னாம்மா, பொகை ஏறுதா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே தபாலை நம்பாமல் இதைப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. நம்ம பருப்பு வேண்டாம். எவ்வளவு போட்டாலும் புகையே ஏறாத பருப்பு எந்த நாட்டிலாவது விளைவதாக உங்கள் டேட்டாபேஸில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் என் பருப்பை அந்த நாட்டுப் பருப்பாக மாற்றிவிடவும்.