இரண்டரைக் கிலோ சந்தேகம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். உன் அக்கா என்னைவிடச் சுகம். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சந்தேகப்பட்டவன், ஓய்வுபெற்று இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன். சும்மா இல்லை, மளிகை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிக் கொடுத்தேன், அடுப்பை எப்போது குறைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னேன், அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. போன செவ்வாய்க்கிழமை திடீரென்று புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு கையில் பண்பாட்டு ஆய்வு நூல், மறு கையில் பிலிம் ரோல் போட்டுப் படமெடுப்பது பற்றிய புத்தகம். "ரெண்டுல எது வாங்கலாம், சொல்லுங்க" என்கிறாள். நான் கேட்டேனா புத்தகம்? ஆய்வு நூலைக் கையில் வாங்கினேன். இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது, என் கை பொய் சொல்லாது. ஆயிரத்து நூறு பக்கம், பாதிக்குப் பாதி அடிக்குறிப்பு. தினம் நாலு பக்கம் என்றாலும் ஒன்பது மாதம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. சரி, மற்றதைப் புரட்டினால், பிலிம் கழுவ இருட்டறை வேண்டுமாம், குளியலறையே போதுமாம், வேலை முடிகிறவரை கதவைத் திறக்கக் கூடாதாம். ஆக, எப்படியும் நான் சமையலறைப் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதானே? கடைக்காரர் வேறு "ரெண்டும் நல்லாப் போகுது சார்" என்று சிரிக்கிறார். இவரை யார் கேட்டது? "ரெண்டும் வேணாம்" என்றேன். "சரிங்க" என்றாள். இரண்டையும் அடுக்கில் வைத்துவிட்டுக் கடையைவிட்டு இறங்கிவிட்டாள்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கு ஒரு சந்தேகம். நான் வீட்டில் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லையோ? ஞாயிற்றுக்கிழமை நீ வந்து நயமாகக் கேட்டுச் சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் வீட்டில் உன்னை உள்ளே விடுகிறவரை நீயும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை எடுத்துப் படித்துவிட்டாள். "புத்தகம் உங்களுக்குன்னு யாரு சொன்னா? நான் படிக்கத்தான் கேட்டேன்" என்கிறாள். மறுநாளே தனியாகப் போய்ப் படமெடுக்கும் புத்தகத்தை வாங்கியும் வந்துவிட்டாளாம். உன் பழைய கேமராவை நீ போன மாதமே அவளிடம் கொடுத்தாயாமே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? முதல் ரோலைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறாள். முப்பத்தாறு படத்திலும் நான்தான், எப்போது எடுத்தாளோ எனக்கே தெரியாது. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியுமாம், என் நரைத்த தலைமுடி கருகருவென்று இருக்கிறது. "வேற எதையாவது எடுக்கக் கூடாதா?" என்றேன். "எங்க திரும்பினாலும் நீங்கதானே நிக்கிறீங்க" என்றாள். நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை படம் அச்செடுக்கிறாளாம், நான் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். உள்ளேயா வெளியேயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். உள்ளேதானாம்.