செகண்ட் கியர் அண்ணன்

காலை ஆறு ஐம்பது. குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நான் முதலில் பார்த்தது பஸ்ஸை அல்ல, அதன் முன்னால் படுத்திருந்த நாயை. இரண்டடி தூரத்தில் பஸ் வந்து நின்றும் அது காதைக்கூட ஆட்டவில்லை. டிரைவர் இறங்கி வந்து அதன் பக்கத்தில் குனிந்து, "டுர்ர்ர்ர்" என்றார். நாய் பறந்தது.

இந்த மாநிலத்தில் வாயால் பஸ் ஓட்டிய ஒரே டிரைவர் அவர்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நான் சாட்சி சொல்ல வருவேன்.

ஆம்பூர் போகும் டவுன் பஸ் அது. ஆம்பூரில் நிருபர் வேலை என்பதால் தினமும் நான் அதில்தான் போவேன். அன்று பேட்டரி பஸ்ஸுக்கு முதல் நாள். டீசல் செலவு இல்லை, புகை இல்லை. சத்தமும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

தோல் சாம்பிள் பையோடு வழக்கமாக வரும் பாய் ஒருவர் ஏறி, கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து மூடிய கண்ணோடே கத்தினார்: "இன்னா டிரைவர் சாப், எடுக்கவே மாட்டியா? ஒரே பேஜாரா கீது."

"எடுத்து ரெண்டு கிலோமீட்டர் ஆவுது பாய். கண்ணத் தொறந்து பாரு."

பாய் கண்ணைத் திறந்தார். வெளியே தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து பின்பக்கக் கண்ணாடிக்குப் போய், யாராவது தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. ஒரு வளைவுக்கு அப்பால் உள்ள மூன்றாவது ஸ்டாப்பில், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் ஏறுவார்கள். அன்று ஒருவர்கூட இல்லை. மறுநாள் செல்வி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள். கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருப்பவள். பஸ்ஸையும் செக்கிங் செய்கிற மாதிரியே பார்த்தாள்.

"நேத்து இன்னாத்துக்குண்ணா வரல?"

"வந்தேம்மா. நின்னேன். யாரும் இல்ல."

"பொய் சொல்லாத. ஊட்லதான் இருந்தேன். வண்டி வரவே இல்ல. ஆட்டோ புடிச்சிப் போறதுக்குள்ள கேட்ட மூடிட்டான். அரை நாள் சம்பளம் போச்சு."

"ஸ்டாப்ல வந்து நிக்கலாமில்ல?"

"எப்போ? சோறு வடிச்சி, டப்பா கட்டி, பிள்ளைக்குச் சட்டை மாட்டி... வளைவுல நீ செகண்ட் கியர் போட்டு முக்குவ பாரு, அந்தச் சத்தம் கேட்டாத்தான் செருப்ப மாட்டுவோம். ஊர் மொத்தமும் அப்டித்தான்."

பழைய பஸ்ஸைக் கண்டம் செய்து உடைக்க அனுப்பிவிட்டார்கள். அதோடு அந்த முக்கலும் போய்விட்டது. ஒரு வாரம் பஸ் காலியாகவே ஓடியது. டிப்போ மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆளே இல்லாத ரூட்டுக்கு இவ்ளோ வெல போட்டு வாங்குன வண்டி எதுக்கு? மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்புறம் வேலூர் டவுனுக்கு அனுப்பிடுவோம்." அனுப்பினால் காலையில் வேறு பஸ் கிடையாது.

"ஹாரன் அடிங்களேன்" என்று நான் யோசனை சொன்னேன்.

டிரைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஹாரன மணல் லாரிக்காரனும் அடிக்கிறான், ஐஸ் வண்டிக்காரனும் அடிக்கிறான். எதுக்குன்னு ஓடி வருவாங்க?"

மறுநாள் வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். தொண்டையிலிருந்து பழைய பஸ் அப்படியே வந்தது. முதலில் ஒரு முக்கல், நடுவில் ஓர் இழுப்பு, கடைசியில் கரகரவென்று ஓர் இருமல். டப்பாவும் கையுமாகப் பெண்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பஸ்ஸில் ஏறாமல் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பழைய பஸ் பின்னால் வருகிறதாம், சத்தம் கேட்டதாம். செல்வி ஒவ்வொருத்தியாகப் பிடித்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவர் செகண்ட் கியர் அண்ணன். சட்டையில் குத்தியிருந்த வில்லையில் இருந்த பெயரை அதன் பிறகு யாரும் படிக்கவில்லை. அவரும் கலைஞர் ஆகிவிட்டார். ரிவர்ஸ் தனி, மேடு தனி. கதவு மூடும்போது "புஸ்ஸ்". ஒருநாள் கண்டக்டரிடம், "ஜன்னல் கண்ணாடி லொடலொடன்னு ஆடுமே, அத நீ போடு" என்றார். கண்டக்டர், "அதுக்கு யூனியன்ல கேக்கணும்ணே" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் ஒருநாள் மேனேஜரும், பஸ் செய்த கம்பெனியின் இன்ஜினீயரும் குடியாத்தத்திலேயே ஏறினார்கள். அன்று பார்த்து அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "வணக்கம் சார்" என்பதே காற்றாகத்தான் வந்தது.

வளைவு வந்தது. அண்ணன் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த முகத்தில் ரத்தம் இல்லை. நானும் முயன்றேன்; எனக்கு வந்தது ஸ்கூட்டர் சத்தம்.

முதல் இரண்டு ஸ்டாப்பில் ஏறியிருந்த பெண்களில் ஒருத்தி விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஜன்னலில் சாய்ந்து, "டுர்ர்ர்" என்றாள். பக்கத்து சீட்டுக்காரி சேர்ந்தாள். அடுத்த நொடி வண்டி முழுக்கச் செகண்ட் கியர். பாய் தூக்கத்திலேயே இருமல் பகுதியைப் பார்த்துக்கொண்டார்.

இன்ஜினீயர் துள்ளி எழுந்தார். தரையில் காதை வைத்தார். இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார். எங்கே போனாலும் சத்தம் அங்கேயிருந்து வந்தது. "மோட்டார் ஒண்ணுதானே சார்..." என்று மேனேஜரிடம் தழுதழுத்தார்.

மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் ஊர் ஓடி வந்துகொண்டிருந்தது. செல்வி ஒற்றைச் செருப்போடு முதல் ஆளாக ஏறினாள். ஆம்பூர் வரை மேனேஜர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். இன்ஜினீயர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சட்டையில் கறையோடு ஊர் திரும்பினார். பஸ் வேலூருக்குப் போகவில்லை.

பிறகு அதில் ஸ்பீக்கர் ஒன்று பொருத்தினார்கள். அது சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டு ஒருவரும் வெளியே வருவதில்லை.

அண்ணன் இந்த வருடம் ஓய்வு பெற்றார். புதிய டிரைவர் வாயைத் திறக்காதவர். வளைவில் பெண்கள்தான் செகண்ட் கியர் போடுகிறார்கள். அண்ணன் இப்போது குடிவந்திருப்பதும் அந்த மூன்றாவது ஸ்டாப்பில்தான். சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்.