காந்த மெத்தையும் கிரேனில் தொங்கிய பீரோவும்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அன்புசெல்வன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரோசம்மாளின் கணவன் சுப்பராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும், தங்கள் தங்கையும், தங்கள் மருமகள் ஏஞ்சலினும் இங்கு உயிரோடு இருக்கிறோம். செவ்வாப்பேட்டையில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். சுகத்துக்கு அங்கே என்ன குறை, வீடு நிறைய மெத்தை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். போனில் பேச வேண்டியதைத் தபாலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து தங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் தமிழில் சொல்கிறாள், பிறகு இங்கிலீஷில் சொல்கிறாள், எல்லைப் பக்கம் போனால் தெலுங்கிலும் சொல்கிறாள். ஆகவே பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.

விஷயம் ஒன்றுதான். ஏஞ்சலினின் வலிப்புக்கு என்று தாங்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன அந்தக் காந்த அலை மெத்தையை உடனே வந்து எடுத்துக்கொண்டு போகவும். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

தாங்கள் மெத்தையை விரித்து, ஒயரைச் சொருகி, பச்சை லைட்டைக் காட்டி, "இதுல படுத்தா மூளைல இருக்கற கரண்டு எல்லாம் ஒழுங்கா ஓடும், இனிமே மாத்திரை இன்னாத்துக்கு" என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம். நான் பழைய இரும்பை உருக்கும் மில்லில் காந்தக் கிரேன் ஓட்டுகிறவன். ஸ்விட்சைப் போட்டால் ஒரு லாரி இன்ஜினைக் கொத்தாகத் தூக்கும், அதுதான் நான் பார்த்த காந்தம். தங்கள் மெத்தைமேல் ஒரு நட்டை வைத்துப் பார்த்தேன், வைத்த இடத்திலேயே கிடந்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன், நட்டு என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அதைத் தங்களிடம் சொன்னதற்கு, "மாப்ள, இது வேற அலை. நீங்க இத்தினி வருஷமா காந்தத்துக்கு மேல குந்திக்கினு இருக்கீங்களே, உங்களுக்கு ஒரு தடவையாவது வலிப்பு வந்துச்சா? அதான் ப்ரூஃப்" என்றீர்கள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது. அதே காந்தத்துக்கு மேல குந்திதான் எனக்கு முடி எல்லாம் கொட்டிப்போச்சு, அதுக்கு இன்னா ப்ரூஃப்?

ஆனாலும் நானும் உங்க தங்கச்சியும் ஏன் தலையாட்டினோம்னு உங்களுக்கே தெரியும். எங்க மில் யார்டு சூப்பர்வைசர் சின்னராசுவோட பையன் ரகுவுக்கு ஏஞ்சலினைக் கேட்டிருக்காங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க. தங்கமான பையன், சிப்காட்ல நல்ல கம்பெனில வேலை, குடி கெடயாது. பொண்ணுக்கு வலிப்பு இருக்குதுன்னு தெரிஞ்சா தெருமுனையிலேயே வண்டிய திருப்பிடுவாங்கன்னு ரோசம்மாவுக்குப் பயம். ஸ்கூல் படிக்கிறப்போ ஆரம்பிச்சது, மாத்திரை ஒழுங்கா போட்டு இப்போ ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்ல, இருந்தாலும் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு முழுங்கறத எத்தினி நாளைக்கு மறைக்க முடியும் சொல்லுங்க. அந்த நேரம் பாத்து நீங்க மாத்திரையே வேணாம்னீங்களா, எங்களுக்குக் கர்த்தரே டெம்போ வச்சு அனுப்பின மாதிரி இருந்துச்சு. மாத்திரை எல்லாத்தையும், ஆஸ்பத்திரி சீட்டையும் சேத்து, பீரோ லாக்கர்ல போட்டுப் பூட்டி சாவிய ரோசம்மா இடுப்புல சொருகிக்கினா. ஏஞ்சலின் டிஃபன் பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்துட்டு வேலைக்குப் போயிடுச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

அப்புறம்தான் நீங்க போன் பண்ணி, மெத்தை இருக்கற ரூம்ல இரும்பே இருக்கக் கூடாது, இரும்பு அலைய இழுத்துக்கும்னு சொன்னீங்க. மச்சான், கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். இரும்பு மில்லுக்காரன் ஊட்ல இரும்ப எடுத்துட்டா மிச்சம் இருக்கறது நாங்க மூணு பேருதான். இருந்தாலும் பொண்ணு விஷயம்னு போன சனிக்கெழம சாயங்காலம் கட்டிலு, பீரோ, தையல் மிஷினு, அடுப்பு ஸ்டாண்டு, அரிசி டின்னுன்னு ஒண்ணு விடாம தெருவுல கொண்டுபோய் வச்சோம். பீரோவத் தள்ளினதுல என் இடுப்பு புடிச்சுக்குச்சு, அதுக்கும் அதே மெத்தைல படுத்தேன், சரியாவல. தெருவுல போறவங்க எல்லாம் ஊடு காலி பண்றீங்களான்னு கேட்டுட்டு, புதுசா யாரு வர்றாங்கன்னும் கேட்டாங்க.

இதுக்கு நடுவுல பக்கத்து ஊட்டு கங்கம்மா. ஏஞ்சலினுக்கு எப்போ வலிப்பு வந்தாலும் சாவிக்கொத்த எடுத்துக்கினு மொதல்ல ஓடி வந்து கையில திணிக்கிறது அதுதான். இத்தினி வருஷமா தன்னோட சாவிதான் பொண்ண எழுப்புதுன்னு அதுக்கு ஒரு பெருமை, இடுப்புல எப்பவும் ரெடியா வச்சிருக்கும். அது சாவி சத்தத்தோட வாசப்படி ஏறுறப்போ ரோசம்மா, "கங்கம்மா, இரும்போட உள்ள வராத, எங்கண்ணன் வேணாம்னுட்டாரு" அப்டின்னா. அந்தம்மா மூஞ்சி போன போக்க நீங்க பாக்கணும். "அப்டியா, இரும்பு ஆகாதா உங்களுக்கு? ஆபத்துக்கு மட்டும் ஆச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனது, ராத்திரிக்குக் குடுக்கற கொழம்பையும் குடுக்கல.

மறுநாள் நாங்க சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பாக்கறோம், கட்டிலு இருக்குது, தையல் மிஷினு இருக்குது, பீரோவ மட்டும் காணோம். கங்கம்மா வாசல்ல புதுசா ஒரு பிளாஸ்டிக் குடம். பழைய இரும்பு எடுக்கற டெம்போ வந்துச்சாம், இவங்க ஊட்ல இரும்பே ஆகாதாம்பா எடுத்துக்கினு போன்னு அதுதான் சொல்லி ஏத்தி விட்டுச்சாம். மத்தத ஏத்த டெம்போல எடம் இல்லியாம், அடுத்த நடைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். சண்ட போடறதுக்குக் கூட எனக்கு வாயில தண்ணி இல்ல. ஏன்னா, மச்சான், இத உங்ககிட்ட சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல, பீரோல மாத்திரை இருக்குதுன்ற தைரியத்துலதான் நான் மாத்திரைய நிறுத்தினேன். பீரோ போச்சு, தைரியமும் போச்சு. ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரில சீட்டு போட மாட்டாங்க, மெடிக்கல்ல கேட்டா சீட்டு எங்கன்றான், சீட்டு பீரோல. நானும் ரோசம்மாவும் மாத்தி மாத்தி ஏஞ்சலின் மூஞ்சியப் பாத்துக்கினே குந்தியிருந்தோம். அது கண்ண சிமிட்டினா எங்களுக்கு உயிர் போய் வந்துச்சு. "இன்னாப்பா, சினிமா பாக்கற மாதிரி பாக்கறீங்க"ன்னு கேட்டுட்டு அது சொம்மா கொய்யாப்பழம் தின்னுக்கினு இருந்துச்சு.

திங்கக்கெழம காலைல ஷிஃப்டு. போகாம இருக்க முடியாது, கிரேன் கேபின்ல ஏறிட்டேன். கீழ சின்னராசு நின்னுக்கினு கை காட்டறாரு, நான் காந்தத்த எறக்கி குவியல்ல வச்சு ஸ்விட்சப் போட்டுத் தூக்கறேன், தூக்கினா தகரம், கம்பி, ஒரு சைக்கிள், அதுக்கு நடுவுல, மச்சான், என் பீரோ. கதவுல வேளாங்கண்ணி மாதா படம், அதுக்குக் கீழ ஏஞ்சலின் சின்னதுல ஒட்டின வாத்து ஸ்டிக்கர். நான் கல்யாணத்துக்கு வாங்கின பீரோ ஆகாசத்துல தொங்கி ஆடுது, அதத் தூக்கினு இருக்கறதும் நானு. ஸ்விட்ச ஆஃப் பண்ணா அடுப்புக்குப் போற பக்கெட்ல பொத்துனு விழும். நான் பண்ணல. கீழ சின்னராசு கத்தறாரு, "யோவ் சுப்பராயா, எறக்குய்யா, ஃபர்னஸ் காத்துக்கினு இருக்குது." நான் மாட்டேன்னு தலையாட்டறேன். "இன்னாய்யா, உள்ள நகையா வச்சிருக்க?"ன்றாரு. மில்லுல ஒரே இரைச்சல், கத்தினாத்தான் கேக்கும்னு கேபின்ல இருந்து பாதி உடம்ப வெளிய நீட்டி தொண்டை கிழிய கத்தினேன், "என் பொண்ணோட வலிப்பு மாத்திரை இருக்குதுங்க!" சரியா அந்த நேரம் பாத்து கரண்டு ட்ரிப்பாகி மெஷின் எல்லாம் நின்னுபோச்சு. கிரேனுக்கு மட்டும் பேட்டரி இருந்ததால பீரோ தொங்கிக்கினே இருந்துச்சு. யார்டு, கேன்டீன், வெயிட் பிரிட்ஜு, வாட்ச்மேன் வரைக்கும் அத்தினி பேருக்கும் நான் சொன்னது தெளிவா கேட்டுச்சு. நாம எந்த ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னு பீரோவுல பூட்டி வச்சோமோ, அந்த ஆளு நேர கீழ ஹெல்மெட்டக் கழட்டி கையில வச்சிக்கினு மேல பாத்துக்கினு நிக்கறாரு.

கரண்டு வந்ததும் கொழந்தையத் தொட்டில்ல போடற மாதிரி பீரோவத் தரையில எறக்கினேன். லாக்கர கட்டிங் டார்ச்சால அவரேதான் ஆள விட்டுத் திறக்கச் சொன்னாரு. மாத்திரை அட்டைய எடுத்து என் கையில குடுத்தாரு. "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றோம் இல்ல, அப்போ பேசிக்கலாம்"னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் வேலை விஷயம் தவிர ஒண்ணும் பேசல. அவர் பேசாம இருக்கறது கத்தறத விட பேஜாரா இருக்குது.

ஊட்டுக்கு ஓடிப்போய் ஏஞ்சலின்கிட்ட மாத்திரைய நீட்டினா, அது டிஃபன் பையத் திறந்து இன்னொரு அட்டையக் காட்டுது. "நான் ஒரு வேளை கூட விடலப்பா. மாமா மெத்தை கொண்டாந்த அன்னிக்கே கம்பெனி லாக்கர்ல ஒரு அட்டை எடுத்து வச்சிட்டேன். உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்லுது. எனக்கு அழுகை வந்துடுச்சு மச்சான். அடிக்கணும்னும் வந்துச்சு, ஆனா அழுகைதான் முந்திக்கிச்சு.

செவ்வாக்கெழம மூணு பேரும் ஆஸ்பத்திரி போனோம். டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டு மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் திட்டினாங்க. காந்தம், கரண்டு வச்சு வலிப்புக்குப் பெரிய பெரிய எடத்துல ஆராய்ச்சி நடக்குதாம், ஆனா ஊட்டு மெத்தை வலிப்ப நிறுத்தும்னு இன்னும் யாரும் நிரூபிக்கலயாம். "எது புதுசா செய்றதா இருந்தாலும் என்னக் கேட்டுட்டு செய்யுங்க. அதுவும் மாத்திரையோட தான். துணைக்கு ஏறினவன டிரைவர் சீட்ல குந்த வைக்காதீங்க"ன்னாங்க. திடீர்னு மாத்திரைய நிறுத்தினா நிக்காம வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். அத அவங்க சிரிக்காம சொன்னாங்க. நீங்களும் அத சிரிக்காம படிக்கவும். கையில சாவி குடுக்கறதுக்கும் ஒண்ணும் அர்த்தம் இல்லியாம். அத கங்கம்மாகிட்ட யாரு சொல்றதுன்னு எங்களுக்குள்ள சண்ட.

ஆகவே மச்சான் அவர்களே, மொத்தத்தில் நிலவரம் இதுதான். பீரோ நெளிந்துவிட்டது, லாக்கர் ஓட்டை, பக்கத்து வீட்டுக் குழம்பு நின்றுவிட்டது, நாளைக்கு வருகிறவர்கள் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார்கள். எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம் மெத்தையும் வேண்டாம், என் மகள் மாத்திரை போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே மகாராணியாக இருக்கட்டும். இந்தக் கடிதம் கண்டவுடன் டெம்போவோடு வரவும். வரும்போது நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வரவும், இங்கே கிடைக்காது. அக்காவுக்கு என் வணக்கம். தங்களுக்கும் ஆண்டவர் நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் இந்த வரிசையிலேயே தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் மேல் இன்னும் கோபம் தீராத மாப்பிள்ளை,
சுப்பராயன்.

பின்குறிப்பு: ஞாயித்துக்கெழம சாயங்காலம் எழுதறேன், கவர இன்னும் ஒட்டல. மெத்தைய எடுக்க வராதீங்க.

அவங்க வந்தாங்க. சின்னராசு வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே ஏஞ்சலின் காபித் தட்ட வச்சிட்டு எதிர்ல குந்திடுச்சு. "எனக்கு வலிப்பு இருக்குதுங்க. மாத்திரை போடறேன், போட்டுக்கினேதான் இருப்பேன். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கு மெத்துனு எதாவது வைங்க, அமுக்கிப் புடிக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க, அஞ்சு நிமிஷத்துல நிக்கலன்னா நூத்தியெட்டுக்கு அடிங்க. இதுக்கு சம்மதம்னா மத்தது பேசலாம்"னுச்சு. கங்கம்மா வாசப்படியில நின்னு சாவிக்கொத்த ஆட்டுது. ரகு அதப் பாத்துட்டு, "கையில சாவி குடுக்கணுமாங்க?"ன்னு கேட்டான். "அப்போ வேணாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் குடுங்க, ஊட்டு சாவி"ன்னுச்சு ஏஞ்சலின். மொதல்ல சிரிச்சது சின்னராசுதான். "நைனா, எனக்கு சம்மதம்"னு ரகு அவர்கிட்ட சொன்னான். "மேலருந்து உங்கப்பா கத்தினாரே, அப்பவே எனக்கும் சம்மதம்தாம்மா. ஒரு அட்டை மாத்திரைக்காக ஃபர்னஸ நிறுத்தின மனுஷன் ஊட்ல பொண்ணு எடுக்காம எங்க எடுக்கறது"ன்னு சின்னராசு ஏஞ்சலினப் பாத்து சொன்னாரு. அத திங்கக்கெழமையே சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் தூங்கியிருப்பேன்.

இதுக்கு நடுவுல ரகுவோட அம்மா ஞானம்மா, முட்டி வலின்னு உங்க மெத்தைல சாஞ்சவங்க குறட்டை விட்டுத் தூங்கிட்டாங்க. எழுந்ததும், "சீர்ல பீரோ வேணாம், அது தொங்கின கதைய இவரு சொல்லிட்டாரு. இந்த மெத்தைய மட்டும் குடுத்துடுங்க, இத்தினி சொகத்த நான் பாத்ததே இல்ல"ன்னாங்க. அந்த ஒயர நான் செவ்வாக்கெழமையே புடுங்கி பரண் மேல போட்டுட்டேன். இத நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.

வர்ற மாசம் நிச்சயம். தாய்மாமன் இல்லாம தட்டு மாத்த மாட்டேன்னு ஏஞ்சலின் ஒத்தக்கால்ல நிக்குது. போன ஆன் பண்ணுங்க. அக்காவ கூட்டிக்கினு முன்னாடியே வாங்க, நாஷ்டா இங்கதான். மாமா வரட்டும், ஆனா மாத்திரை டப்பாவ மட்டும் அவர் கண்ணுல காட்டாதீங்கன்னு உங்க மருமக சொல்லச் சொல்லுச்சு.